கையிருப்பில் ஒரு டியூப்லைட்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் துணை விதிகளில் பதினேழாவது இப்படிச் சொல்கிறது: “பொது இடங்களில் புதிதாகப் பொருத்தப்படும் எந்த மின்சாதனமும், தகுதி பெற்ற ஒருவரால் பரிசோதிக்கப்பட்டு, அதன் தன்மை அறிவிப்புப் பலகையில் ஒரு வார காலம் வெளியிடப்பட்ட பிறகே இயக்கப்பட வேண்டும்.” நல்ல விதி. அரசாங்கத்தில் என் பணிக்காலம் முழுவதும் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இந்த விதி நடப்பில் இருந்த கட்டடத்தில்தான் நாங்கள் நான்கு பேர், கிருமிகளைக் கொல்வதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஒரு விளக்கின் கீழே, கிருமிகளோடு கிருமிகளாக ஒரு காலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து சீட்டாடினோம்.

விதி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கலாம். பியூஸ் போன டியூப்லைட்டை மாற்றுவது “புதிதாகப் பொருத்துவது” ஆகாது. ஆகவே பதினேழாவது விதி அங்கே நுழையவில்லை. நுழைந்தது இருபத்துமூன்றாவது: “கையிருப்பில் உள்ள பொருள் தீரும்வரை அதே வகைப் பொருளை வாங்கக் கூடாது.” இதை இயற்றியவர் எங்கள் பொருளாளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இதையும் நான் குறை சொல்ல மாட்டேன். என் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்து பல வருடங்கள் ஆன பிறகும், கையிருப்புத் தீரவில்லை என்பதற்காக ஆளுக்கு ஒரு கட்டு கார்பன் பேப்பர் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் யாருக்கும் கண் போகவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பொம்மனஹள்ளியில், ஓசூர் சாலையின் இரைச்சல் கொஞ்சம் தணிகிற ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. தரைத் தளத்தில் கிளப் ரூம் என்று ஓர் அறை. காலை நடை முடிந்து, காபி முடிந்து, பேப்பரில் இரங்கல் செய்திகள் வரை படித்து முடித்ததும் நாங்கள் நான்கு பேர் அங்கே ரம்மி ஆடுவோம். நான், பொருளாளர், கன்னடப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், நாலாவதாக என் நண்பர். தலைமை ஆசிரியரை எல்லோரும் மேஷ்ட்ரு என்பார்கள். நண்பர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்து, ரயிலிலேயே வேலையும் பார்த்தவர். அவருக்குச் சின்ன வயதிலேயே கில்லி பட்டு இடது கண் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு கண். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஓடுகிற ரயிலில், பாத்ரூம் கதவுக்குப் பின்னால் இருக்கிறவனைக்கூட அவர் விட்டதில்லை. கண்ணாடி கிடையாது. எழுபதைத் தாண்டியும் பேப்பரில் வரன் தேடும் விளம்பரங்களை வெறும் கண்ணால் படிப்பார். சோடாபுட்டி போட்ட என்னைப் பார்த்து, “உங்களுக்கு நாலு கண்ணு சார், எனக்கு ஒண்ணு. ஆனா ஆட்டத்துல யாரு ஜெயிக்கிறாங்க?” என்பது அவருடைய தினசரி ஜபம்.

மனைவி இல்லை. மகன் டொராண்டோவில். ஆகவே அந்தக் கண்தான் அவருக்குச் சமையல்காரி, வண்டி ஓட்டி, மகன் எல்லாமே.

ஆடி மாதம். பெங்களூரில் அந்த மாதம் சூரியன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும் ஊழியர் மாதிரி. வந்தது தெரியும், இருந்தது தெரியாது. கிளப் ரூம் டியூப்லைட் நான்கு நாளாக எரியவில்லை. வாரத்துக்கு மூன்று முறை சந்தாபுராவிலிருந்து வரும் எலக்ட்ரீசியனிடம் பொருளாளர், “ஸ்டோர்ல பாருங்க, இருக்கறதப் போடுங்க, புதுசு வாங்க பர்மிஷன் கெடையாது” என்று சொல்லியிருந்தார். ஸ்டோரில் ஒரு டியூப் இருந்தது. பதிவேட்டில் “டியூப்லைட் – 1” என்று இருந்தது. நீளம் சரி. இரண்டு பக்கமும் பின் சரி. மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த டியூப் யார் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. கொரோனா காலத்தில் பால் பாக்கெட், பேப்பர், கூரியர் எல்லாவற்றையும் கேட்டிலேயே ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து நீல வெளிச்சம் காட்டி உள்ளே அனுப்பினார்கள் அல்லவா, அந்தப் பெட்டியின் டியூப் அது. பயம் தெளிந்ததும் பெட்டியை ஒரு பக்கமும் டியூபை ஒரு பக்கமும் எடுத்து வைத்தார்கள். “கண்ணாலும் தோலாலும் நேரே படக் கூடாது” என்ற எச்சரிக்கை பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. பெட்டி இப்போது ஜெனரேட்டர் அறையில் இருக்கிறது. அதில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. எச்சரிக்கை அந்தப் பூனைக்கு இன்றுவரை நன்றாகப் பயன்படுகிறது.

அன்று காலை உள்ளே நுழைந்ததும் மேஷ்ட்ருதான் முதலில் சொன்னார். “ஏன்ரீ இது, லைட் நீலமா இருக்குது?”

“புது மாடல்” என்றார் பொருளாளர். “கரண்ட் கம்மியா இழுக்கும்.”

“வெளிச்சமும் கம்மியாத்தான் குடுக்குது.”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேஷ்ட்ரே, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க. சீட்டு தெரியுதில்ல?”

என் நண்பர் டியூபுக்கு நேர் எதிரே, தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாந்து ஒரு முறை அதை நன்றாகப் பார்த்தார். “சேட்டு வீட்டுக் கல்யாணத்துல சாட் கடைக்கு மேல இப்படித்தான் எரியும். பானிபூரி வருமா சார்?” என்றார்.

அறையில் ஒரு வாசனை இருந்தது. இடி இடித்த பிறகு வருமே, பழைய ஜெராக்ஸ் கடையில் வருமே, அந்த மாதிரி. எனக்கு அது தெரிந்தது. அலுவலகத்தில் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தே பாதி சர்வீஸ் கழித்தவன், தெரியாமல் இருக்குமா? ஏதோ ஒயர் சூடாகிறது, எலக்ட்ரீசியன் வரும் நாளில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு சீட்டைக் கலைத்தேன். ஜன்னல் வழியாக வந்த மழைக்கால வெளிச்சம் சீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. நண்பர் வரிசையாக ஜெயித்தார். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் யாரும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு என் மனைவி மூன்றாவது முறை போன் செய்யும்வரை ஆடினோம்.

அன்று மாலை டிபனுக்கு உட்கார்ந்திருந்தேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, வெயிலே இல்லையே. மூஞ்சி எங்க போய் காஞ்சுது?”

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. கண்ணைச் சுற்றி, மூக்குக்கண்ணாடி இருந்த இடம் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். கண்ணில் லேசான உறுத்தல், அவ்வளவுதான். அதைப் பற்றி யோசிப்பதற்குள் போன் வந்தது. மேஷ்ட்ரு.

“மரளு ரீ, மரளு! கண்ணு தும்பா மரளு!” என்று கத்தினார். மரளு என்றால் மணல். கண் நிறைய யாரோ மணலை வாரிப் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கிறதாம். அவருக்குப் படிக்க மட்டும் கண்ணாடி, சீட்டாடும்போது அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். நெற்றி தப்பித்திருந்தது.

அடுத்த போன் பொருளாளர். கண்ணைவிட அவருக்குத் தலைதான் எரிந்தது. வழுக்கைத் தலை. “ஃபேனுக்குக் கீழ உக்காந்தும் எரியுது சார். என்ன அலர்ஜின்னு தெரியல” என்றார்.

நண்பரிடமிருந்து போன் வரவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கீழ்த் தளத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. நாற்காலியில் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, தண்ணீர் வழிய, தாடையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யாரு, சாரா?” என்றார். “போன் பண்ணலாம்னு பாத்தேன். பாக்க முடிஞ்சாத்தானே பண்றது.”

அதற்கு நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நாலு பேரும் கிளம்பினோம். நான் முன்னால். என் தோளில் நண்பர் கை, அவர் தோளில் மேஷ்ட்ரு கை, மேஷ்ட்ரு தோளில், தலையில் ஈரத் துண்டோடு பொருளாளர். லிப்ட் பக்கத்தில் இருந்த பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். “எஞ்சின் நீங்கதான் சார், மெதுவா ஓட்டுங்க. கடைசிப் பெட்டி ஆடுது” என்றார் நண்பர். குரல் மட்டும் வழக்கமான குரலாக இல்லை. என் தோளில் இருந்த கை இறுக்கிப் பிடித்திருந்தது.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். வரிசையாக எங்களை ஒருமுறை பார்த்தார். செங்கல் நிறத்தில் நாலு கிழவர்கள்.

“நாலு பேரும் ஒரே பேக்டரியா சார்? வெல்டிங் செக்ஷனா?”

“ரிட்டயர்ட்” என்றேன்.

“அப்ப பக்கத்துல எங்கயாவது வெல்டிங் நடந்துதா? கிரில் வேலை மாதிரி?”

“இல்லம்மா, ரம்மி” என்றார் மேஷ்ட்ரு.

“ரம்மி ஆடினா கார்னியா எரியாது சார். எங்க உக்காந்து ஆடினீங்க?”

நான் சொன்னேன். நீல வெளிச்சம், இடி வாசனை எல்லாம். அவர் எழுதுவதை நிறுத்தினார். “டியூப் வெள்ளையா இருந்துச்சா, இல்ல உள்ள இருக்கறது தெரியற மாதிரி வெறும் கண்ணாடியா?”

வெறும் கண்ணாடி. இப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. கொரோனாப் பெட்டி. பொருளாளருக்கும் அதே நொடியில் நினைவு வந்திருக்க வேண்டும். துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

டாக்டர் அதைச் சுருக்கமாகச் சொன்னார். அந்த விளக்கில் நம் கண்ணுக்குத் தெரிகிற நீலம் சும்மா துணைக்கு வருவது. வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். வெயிலில் தோல் காய்வதுபோல, கருவிழியின் மேல்தோல் காய்ந்துவிடும். படும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். வெல்டிங் வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கும் இப்படித்தான், பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து அழும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானே ஆறிவிடும். கண்ணைத் தேய்க்கக் கூடாது. கொடுக்கிற சொட்டு மருந்தைத் தவிர வேறெதுவும் கூடாது.

“அப்ப என் கண்ணு மட்டும் ஏன் இவ்ளோ மோசமா இல்ல?” என்று கேட்டேன்.

“கண்ணாடி சார். நீங்க போட்டிருந்த கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திடும். ஓரத்துல நுழைஞ்சது மட்டும்தான் உங்களுக்கு.”

நண்பர் மூடிய கண்ணோடு திரும்பினார். “சோடாபுட்டிக்கு வந்த வாழ்வப் பாருங்க” என்றார்.

அவருடைய முறை வந்தபோது டாக்டர் முதலில் மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விட்டார். சிறிது நேரத்தில் அவருக்கு வலி போய்விட்டது, முகமே மாறிவிட்டது. “அம்மா, அந்த பாட்டில எனக்கு எழுதிக் குடுங்க” என்றார். “அது தரவே மாட்டேன் சார். வலி தெரியாம தேய்ப்பீங்க, ஆறவும் ஆறாது” என்றார் டாக்டர். மஞ்சள் மை போட்டு நீல விளக்கில் வலது கண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பார்க்கப் போனவர், நின்றார்.

“இதுல…”

“அது காலி பெர்த்மா. ரொம்ப வருஷமா” என்றார் நண்பர்.

டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்புக் களை போனது. மற்ற இருவருக்கும் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இவரை மட்டும், “சார், மேல்தோல் நிறைய உரிஞ்சிருக்கு. ஆறிடும்னு நம்பறேன். ஆனா உங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு. இதுல இன்பெக்ஷன் வந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. தினம் வந்து காட்டணும். தனியா இருக்கக் கூடாது” என்றார்.

“தனியா இல்லம்மா. சார் வீட்டுல இருப்பேன்” என்றார் என் நண்பர். அந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் எங்களை விடுவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார்: முதலில் அந்த டியூபைக் கழற்ற வேண்டும். மறுநாள் காலை அந்த அறையில் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு இருந்தது.

சங்கச் சொத்து ஒன்றைக் கழற்றுவதற்கான நடைமுறை எனக்குத் தெரியும். செயலாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம், செயலாளர் ஒப்புதல், பொருளாளர் பதிவு, எலக்ட்ரீசியனுக்கு ஆணை. செயலாளர் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறவர். போன் செய்தேன். “அங்கிள், கால்ல இருக்கேன், மெயில் போட்ருங்க” என்றார். மெயில் போட்டேன். மூன்று கோரிக்கைகள்: டியூபை அகற்றுவது, ஸ்டோரில் அதைச் சாதாரண விளக்குகளோடு சேர்க்காமல் பத்திரமாக அழிப்பது, குடியிருப்போர் எல்லோருக்கும் எச்சரிக்கை விடுவது. உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது: உங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலிக்கப்படும்.

பிறகு வாழ்நாளில் முதல் முறையாக நடைமுறையை மீறினேன். கிளப் ரூமுக்குப் போய், சுவிட்சை அணைத்து, நாற்காலி மேல் ஏறி, டியூபைக் கழற்றினேன். கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது பொருளாளர், தலையில் ஈரத் துண்டு. பழைய வேட்டியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

நண்பர் எங்கள் ஹாலில் திரை இழுத்துவிட்ட பக்கம் உட்கார்ந்தார். என் மனைவிக்குள் இருந்த வைத்தியர் விழித்துக்கொண்டார்.

“அண்ணா, ஒரு சொட்டு வெளக்கெண்ண விடட்டுமா? கண்ணுக்குக் குளிர்ச்சி.”

“டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க” என்றேன்.

“அப்ப உருளைக்கெழங்க துருவி வெக்கலாம். வெல்டிங் பண்றவங்கெல்லாம் அதத்தான் வெப்பாங்களாம்.”

“தங்கச்சி, துருவினத போண்டாவாப் போடு. வாய்க்குக் குளிர்ச்சி” என்றார் நண்பர்.

போண்டா வந்தது. அவர் தட்டைத் தடவி எடுத்துச் சாப்பிட்டார். ஒன்று கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்து, தரையைத் துழாவினார். கை எட்டும் தூரத்திலேயே கிடந்தது. என் மனைவி எடுத்துக் கொடுப்பதற்குள் நான் சைகை காட்டி நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. அவராகவே கண்டுபிடித்தார். ஊதிவிட்டுச் சாப்பிட்டார்.

மறுநாளும் கண் திறக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, “இன்னும் ஆறல, மோசமாகவும் இல்ல” என்றார். அந்த வாக்கியத்தில் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தோம். அவருக்குப் பொழுது போகவில்லை. டொராண்டோ போன் வந்தபோது “ஒண்ணுமில்லடா, தூசி விழுந்துருச்சு” என்று வைத்துவிட்டார். பிறகு, “சீட்டு எடுங்க சார்” என்றார்.

“எப்படி ஆடுவீங்க?”

“என் சீட்ட நீங்களே பாருங்க. காதுல சொல்லுங்க. நான் சொல்றத எறக்குங்க.”

“ரெண்டு கை சீட்டும் நான் பாப்பேனே?”

“பாருங்க. பாத்தா மட்டும் ஜெயிச்சிடுவீங்களா?”

உலக ரம்மி வரலாற்றில் இப்படி ஓர் ஆட்டம் நடந்திருக்காது. அவர் கையிலிருந்த ஒவ்வொரு சீட்டும் எனக்குத் தெரியும். அவருக்கு என் கை தெரியாது. மூன்று ஆட்டத்திலும் தோற்றேன். மூன்றாவது தோல்வியின்போது என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “இவ்ளோ பாத்தும் தோக்கறதுக்கு ஒரு தெறம வேணும்” என்றாள்.

நண்பர் சிரித்தார். சிரித்து முடித்து, கீழே கிடந்த சீட்டுகளைத் துழாவிச் சேர்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “சார், லைட்டு போட்டிருக்கா?”

போட்டிருந்தது. பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மூடிய இமை வழியாகக்கூட வெளிச்சம் தெரிய வேண்டும் அல்லவா? அவருக்குக் குளிர்க்கண்ணாடியும் அதன் மேல் ஒரு துண்டும் போட்டிருந்தோம், அதனால்தான் தெரியவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “போடல. எதுக்கு வீணா கரண்ட்டு?”

“அதான பாத்தேன்” என்றார்.

எழுந்து போய் லைட்டை அணைத்தேன். இருட்டில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி அடுக்களை விளக்கையும் அணைத்துவிட்டு வந்திருந்தாள். காரணம் கேட்காமல் விளக்கை அணைக்கிறவள் அல்ல அவள்.

அதற்கு அடுத்த நாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்தேன். அவர் துண்டையும் குளிர்க்கண்ணாடியையும் எடுத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலண்டர்ல ராகு காலம் தப்பாப் போட்டிருக்கான்” என்றார்.

போய்ப் பார்த்தேன். காலண்டர் சரியாகத்தான் இருந்தது. அவர்தான் பக்கத்துக் கட்டத்தைப் படித்திருந்தார். ஆனால் படித்திருந்தார். நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் மஞ்சள் மை போட்டுப் பார்த்துவிட்டு, மேல்தோல் மூடிவிட்டது என்றார். சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் நண்பர் கடைசி வரி வரை இறங்கி, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துக் காட்டினார். டாக்டர் அதைக் கேட்டு மயங்கவில்லை.

“இனிமே கண்ணாடி போடணும் சார். பவர் வேண்டாம், சும்மா. உடையாத பிளாஸ்டிக். முழிச்சிருக்கற நேரம் பூரா.”

“பவர் இல்லாத கண்ணாடியா? என்னப் பாத்து வித்தவுட் எல்லாம் ஓடுவான்மா. என் மூஞ்சில கண்ணாடியா?”

“ஸ்டெப்னி இல்லாத வண்டி சார் நீங்க. ஆணி கெடக்கற ரோட்டுல நான் எப்படி சும்மா விடறது?”

நண்பர் வாங்கினார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பையில் இருந்தாலும் பாதுகாப்புதான் என்பது அவர் வாதம்.

இந்த இடைவெளியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் மெயிலுக்குப் பதில் அல்ல. சங்கத்தின் சொத்தான டியூப்லைட் ஒன்று கிளப் ரூமிலிருந்து காணாமல் போயிருக்கிறது, இதைப் பற்றித் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்ற பொது அறிவிப்பு. கையெழுத்து: பொருளாளர். நேரே போய்க் கேட்டேன்.

“நீங்கதானே சார் நாற்காலியப் புடிச்சீங்க?”

“ஆமா. நீங்க எடுத்தது எனக்குத் தெரியும் சார்” என்றார், தோல் உரிந்துகொண்டிருந்த தலையைத் தடவியபடி. “ஆனா பொருளாளருக்குத் தெரியாது.”

இதைப் புரிந்துகொள்ள அரசாங்கத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்தது. டியூபைத் திருப்பிக் கொடுத்தால் அது ஸ்டோருக்குப் போகும். பதிவேட்டில் மறுபடி “டியூப்லைட் – 1” ஆகும். அடுத்த முறை எங்கேயாவது இருட்டினால் மறுபடி எரியும். கொடுக்காவிட்டால், காணாமல் போன பொருள் கணக்கில் தீராத பொருள். தீராதவரை புதிது வாங்க முடியாது. ஆகவே கிளப் ரூமில் விளக்கே இல்லை. ஜன்னலோரம் நாற்காலிகளை நகர்த்திப் போட்டு ஆடினோம். செயலாளருக்கு நினைவூட்டு மெயில், நினைவூட்டுக்கு நினைவூட்டு. கால்ல இருக்கேன் அங்கிள்.

ஆவணி கழிந்து புரட்டாசி வந்தது. நண்பரின் கண்ணாடி பையிலேயே இருந்தது. மூன்றாவது மாடியில் புறா வராமலிருக்க பால்கனிக் கிரில் போட ஆட்கள் வந்தார்கள். வராந்தாவில் வெல்டிங் பொறி பறந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, தீபாவளி முன்கூட்டியே வந்ததைப் போல வேடிக்கை பார்த்தன. நானும் நண்பரும் லிப்டிலிருந்து வெளியே வந்தோம். அவர் பொறியின் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகளின் திறந்த கண்களையே பார்த்தார். கை தானாகப் பைக்குப் போனது. கண்ணாடியை எடுத்து மாட்டினார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பழைய ரயில் குரலில் கேட்டார்: “எங்க, எல்லாரும் டிக்கெட்டக் காட்டுங்க!”

பிள்ளைகள் விழித்தன.

“கண்ணாடி இருக்கா? இல்லியா? வித்தவுட்! எறங்கு, எறங்கு, எல்லாம் அடுத்த ஸ்டேஷன்ல எறங்கு!”

“தாத்தா, நீங்க மட்டும் கண்ணாடி போட்டுப் பாக்கலாமா?”

“நானும் பாக்கக் கூடாது. இந்தக் கண்ணாடியெல்லாம் அதுக்குப் பத்தாது. முகமூடி போட்ட அந்த அண்ணன் மட்டும்தான் பாக்கணும். ஓடு!”

அன்றிலிருந்து கண்ணாடி மூக்கில் நின்றது. எந்த மாடியில் வெல்டிங் என்றாலும் பரிசோதகர் முன்னால் போய் நிற்பார். வெல்டிங் செய்பவரிடம் கேட்டு ஒரு தார்ப்பாய் மறைப்பும் கட்டவைப்பார். சங்கத்தின் எந்த விதியும் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. நானும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

பதில் வந்த அன்று காலை எனக்குக் கண்ணாடி இல்லை. என் மனைவி அதையும் என் பேனாவையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜையில் வைத்துவிட்டாள். “உங்க ஆயுதம் அதுதானே?” என்றாள். கட்டிலுக்கு அடியில் வேட்டியில் சுற்றியிருந்ததற்கும் வேட்டி மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள்வரை எதையும் தொடக் கூடாது. அப்போது பொருளாளர் கீழே கேட்டில் நடந்த பூஜையின் பொரிப் பொட்டலத்தோடு வந்து, ஓர் உறையையும் நீட்டிவிட்டுப் போனார். செயலாளரின் பதில்.

“படிங்க” என்று நண்பரிடம் கொடுத்தேன்.

“இன்னிக்குப் படிக்கக் கூடாதே சார்.”

“இது படிப்பா? சங்கத்துப் பதில்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டிக் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். “மேற்படி டியூப்லைட் தற்சமயம் சங்கத்தின் கையிருப்பில் காணப்படாததால், அதை அகற்றுவது, அழிப்பது, எச்சரிக்கை விடுவது ஆகிய கேள்விகள் எழவில்லை. அதன் இருப்பிடம் தங்களுக்குத் தெரியவரின், உரிய முகப்புக் கடிதத்துடன் ஸ்டோரில் ஒப்படைக்கக் கோரப்படுகிறது.”

ஒரு வார்த்தையில்கூடத் தடுமாறவில்லை. அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சக முகவரியையும் சேர்த்துப் படித்தார்.

“தேதி போடல சார்” என்றார், திருப்பிப் பார்த்து. “ஆயுள் பூரா பதிலுக்குத் தேதி போட்டவருக்கு வந்த பதில்ல தேதி இல்ல.”

என் பேனா பூஜையில் இருந்தது. அவரே தன் பேனாவை எடுத்து, ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, கண்ணாடிக்குள்ளிருந்து அந்த ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எறும்பு அளவு எழுத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரியவில்லை. அவர்தான் அதையும் படித்துச் சொன்னார்: பெறப்பட்டது, ஆயுத பூஜை, முற்பகல்.